மூன்று மாதச் சீனி

மச்சாள்,

இன்று காலை இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு கிளினிக்கின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியதும் பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு கிழவர் தன் கிளினிக் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்தபடி இருந்தார். நீங்கள் இருந்திருந்தால் காட்டிச் சிரித்திருப்பேன். அதற்கு முன் உங்கள் சீனி எவ்வளவு என்று கேட்டிருப்பேன்.

உங்கள் தம்பியைக் கட்டி ஓலைத்தொடுவாய்க்கு வந்த நாளிலிருந்தே எனக்கு உங்கள் மேல் பொறாமைதான். உங்கள் கூந்தல், உங்கள் மீன்குழம்பு, கோயிலில் பாட்டு எடுக்கும் உங்கள் குரல். சீனி வருத்தமாவது இருவருக்கும் ஒன்றாக வந்ததே என்று பார்த்தால் அதிலும் நீங்கள்தான் முதலாவது. கிளினிக் தாதி மிஸ் உங்கள் கொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். "இந்த அம்மாவைப் பாருங்கோ, என்ன வடிவாச் சீனியை வைச்சிருக்கிறா!" அடுத்தது என் கொப்பி. "நீங்கள் என்ன, பனங்கட்டியிலயே சீவிக்கிறியள்?" எனக்கு வயிறு பற்றி எரியும்.

உங்கள் வித்தை எனக்குத் தெரியாததா? கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதே உங்கள் ஒருசந்தி தொடங்கிவிடும். சோறு இல்லை, அவித்த மீனும் கீரையும்தான். பெரிய வெள்ளிக்குக்கூட நீங்கள் அப்படி வாயைக் கட்டியதில்லை. இரத்தம் கொடுத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு வந்ததும் இனிப்புத் தொதலும் சீனி போட்ட தேத்தண்ணியும். "மிஸ்ஸுக்கு முன்னால மானம் போகக்கூடாது, மச்சாள்" என்பீர்கள். நானும் முயன்று பார்த்தேன். இரண்டாம் நாளே என் கை பனங்கட்டிப் பெட்டிக்குள் போய்விடும்.

பிறகு அந்தப் புது டொக்டர் வந்தார். "வெறும் வயித்துச் சீனியை மட்டும் பார்த்தாக் காணாது அம்மா" என்று இருவருக்கும் வேறு இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தந்தார். மூன்று மாதத்துச் சீனி இரத்தத்தில் பதிந்திருக்குமாம். கொழுப்பில் நல்லதும் கெட்டதும் உண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இதயத்துக்கு வரக்கூடிய ஆபத்தைக் கணிக்கலாமாம். மூன்று நாள் ஒருசந்தி இதற்குச் செல்லாது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. உங்கள் முகமும் கறுத்தது.

முழங்கால் நோகிறது என்று நீங்கள் வராததால், இருவரின் ரிப்போர்ட்டையும் நானே எடுத்துவந்தேன். தலைமன்னார் பஸ்ஸில் ஏறியதும் உங்களுடையதைத்தான் முதலில் பிரித்தேன். மூன்று மாதச் சீனி, கெட்ட கொழுப்பு, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'கூட' என்று அடையாளம். என்னுடையவை எல்லாம் உங்களுடையதைவிடக் குறைவு. பஸ்ஸுக்குள் தனியே சிரித்தேன், மச்சாள்.

அத்தோடு விட்டேனா? உங்களோடு கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால், "மிஸ் மெச்சின ஆளின்ர இரத்தத்தைப் பாருங்கோ!" என்று கத்தினேன். நீங்களும் சிரித்தீர்கள். "இஞ்ச தாங்கோ" என்று வாங்கி நாலாக மடித்தீர்கள்.

டொக்டரிடம் காட்டும் நாளில் நீங்கள் வரவில்லை. "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் போட்டு வாங்கோ." ஏன் என்று எனக்குத் தெரியும். வற்புறுத்தவில்லை. உங்களோடு ஒப்பிட ஆளில்லாத கிளினிக் எனக்குச் சுகமாக இருந்தது. டொக்டர் எனக்கு இதயத்துக்கென்று ஒரு குளிசை எழுதினார்.

அடுத்த கிளினிக்குக்கு முன்பே, மீன் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் வியர்த்து ஒழுகிச் சுவரில் சாய்ந்தீர்கள். நெஞ்சு நோகவே இல்லை. "களைப்பாக் கிடக்குது" என்றது மட்டும்தான். சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு நோவில்லாமலும் வரும் என்று டொக்டர் பிறகு சொன்னார். ரிப்போர்ட் அலுமாரியில் சேலைக்கடியில் மடித்தபடியே கிடந்தது.

"என்ன கட்டுப்பாடான மனுசி" என்று செத்தவீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டே அதற்கும் பொறாமைப்பட்டேன்.

உங்களை அவமானப்படுத்தியதைப் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டேன். கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போகாததையும் சொன்னேன். அந்த பஸ்ஸில் எனக்கு வந்த சந்தோஷத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.