செருப்புப் பெட்டிக்குள் நம் வீடு

என் அன்பு வாலுப்பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. அப்பா தேறி வருகிறார் என்று போனில் சொன்னதெல்லாம் பொய். மூன்று நாளாக அவர் சாப்பிடவில்லை, ஸ்பூனில் தண்ணீர் மட்டும்தான், அதற்குக் காரணமும் நான்தான்.

பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு, பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு யோசனை சொன்னாள். அவருக்கு வார்த்தைதாம்மா போச்சு, புரியறது போகல, வீட்டுச் சாமானை வெச்சே குட்டியா நாடகம் போட்டுக் காட்டுங்க என்றாள். உன் செருப்பு வந்த அட்டைப்பெட்டியை ஒரு பக்கம் வெட்டி மேடையாக்கினேன், பழைய சட்டைத்துணி திரை, தீப்பெட்டி கட்டில். நாடகத்தில் அப்பா ஒரு சின்னப் பூட்டு, அவர் கடையில் ரிப்பேருக்கு வந்து கிடந்ததுதான். நானாக இருக்கத் துணி மாட்டுகிற கிளிப்பை அவரே இடது கையால் எடுத்து நீட்டினார், கடித்தால் விடமாட்டேனாம், அந்த நிலையிலும் குசும்பு போகவில்லை. நீ நீல நூல்கண்டு. பூட்டு சாப்பிட்டால் அவரும் ஒரு வாய் வாங்கினார். அடம்பிடித்தால் மேஜையில் மூன்று தட்டு தட்டி, நூல்கண்டை உருட்டிக்கொண்டு வந்து பூட்டின் பக்கத்தில் நிறுத்துவேன், மகள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். கிண்ணம் காலியாகிவிடும். எனக்கும் பேராசை, தினமும் உன்னை வரவழைத்தேன். ஒரு சாயங்காலம் பார்த்தால் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வாசற்கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மறுநாளும் அப்படியே. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பெட்டிக்குள் வருகிறவள் வீட்டுக்கும் வருவாள் என்று நம்பிவிட்டார். பயந்துபோய் நூல்கண்டை ஒளித்து வைத்தேன். அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், அவர் முன்னாலேயே அழுதேன். இப்படியே போனா மூக்குல குழாய்தான் என்கிறார் டாக்டர்.

இன்று காலை முடியாமல் நூல்கண்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அதை அவர் பெட்டிக்குள் வைக்கவில்லை, மேஜையின் கோடியில் கை எட்டுகிற மட்டும் தள்ளி வைத்தார். பிறகு பூட்டை வெளியே எடுத்து, நூல்கண்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பாதி வழியில் பூட்டு கீழே விழுந்துவிட்டது. என்னைப் பார்த்தார். எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லையடி, நீ வராவிட்டால் அவரே உன்னைத் தேடிக் கிளம்பிவிடுவார்.

லீவு கேட்டால் வேலைக்கே உலை என்றாய். பரவாயில்லை, வரவேண்டாம் என்று பெரிய மனுஷியாகச் சொன்னவளும் நான்தான். இப்போது கேட்கிறேன், வா. எங்கள் இரண்டு பேர் ஆயுசும் சேர்த்து நீ நன்றாயிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, வந்ததும் மணியை அடிக்காதே, கதவை மூன்று தட்டு தட்டு. அப்போதுதான் அவருக்கு நீ என்று தெரியும்.

இப்படிக்கு,
உன்னைப் பெட்டிக்குள் தினமும் வரவழைத்த அம்மா