அக்கா நின்ற படம்

உன் கதைகள் வந்த பத்திரிகையை அச்சடித்த வேலூர் அச்சகத்தை விற்றுவிட்டார்கள். பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்த படம் அச்சடிக்கும் உலோக பிளாக் ஒன்றை முதலாளி எனக்கு அனுப்பியிருந்தார். சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்ததும் மண்ணெண்ணெயும் காய்ந்த மையும் கலந்த வாடை. உருவம் இடவலம் மாறிக் கிடந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. உன் கதைக்கு நான் போட்ட படம். நீ செத்து மூன்று வருஷம் ஆகிறது. நீ உயிரோடிருந்தும் நான் உன்னோடு பேசாத வருஷங்களையும் சேர்த்தால் ஏழு.

நீ ஆம்பூர் தோல் மண்டியில் குமாஸ்தா. நான் வேலூரில் டிராயிங் மாஸ்டர். ஞாயிறுதோறும் ரயிலேறி வந்துவிடுவாய், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கணவனை இழந்து என்னோடு இருந்த அக்கா உனக்கென்று குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துவைப்பாள்.

ஒரு ஞாயிறு நீ பாதிக் கதைதான் கொண்டுவந்தாய். தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியோரம், அந்தி நேரத்தில், ஒரு பெண் தனியாக நிற்கிறாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "முடிவு இன்னும் எழுதலப்பா. நீ படத்தப் போடு, அதப் பாத்துதான் முடிக்கணும்" என்றாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

முதல் படத்தில் நிலாவும் பட்டமரமும் வைத்தேன். சிரித்தாய். "இன்னாப்பா இது, நாடக நோட்டீசா?" அடுத்ததில் முழுக்க மையை அப்பினேன். அச்சில் ஏறினால் கரியாகத்தான் விழும் என்று நானே கிழித்துப்போட்டேன். பத்து நாள் இப்படியே போயிற்று. சின்ன வயதில் நாங்கள் குடியிருந்தது ஒரு தோல் ஷெட்டுக்குப் பின்னால். அங்கிருந்த சுண்ணாம்புக் குழி நினைவுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. சுவரும் வானமும் பெண்ணும் மங்கிப்போக, சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும் கீழேயிருந்து வெளுப்பாகத் தெரிய வேண்டும். கறுப்பு மை பூசிய அட்டையை பிளேடால் சுரண்டிச் சுரண்டி அந்த வெள்ளையை வரவழைத்தேன்.

பெண் மட்டும் சரியாக வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டுப் புழக்கடையில் துவைக்கிற கல்லோரம் முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். நீயும் பக்கத்தில் நின்றிருந்தாய்.

"இன்னா கத இது?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"சும்மா ஒரு பேய்க் கததாங்க்கா" என்றாய்.

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். "அந்தக் கைய வுட்டுடாத, அப்டியே போடு" என்று என் காதோரம் சொன்னாய். படத்துக்கு உயிர் வந்தது அந்தக் கையால்தான்.

பத்திரிகை வந்த சாயங்காலம் அக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முடிவை நானும் அதுவரை படித்திருக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் என் குரல் நின்றுவிட்டது. படல் திறந்து கிடக்கிறது. தவழ்கிற பிள்ளை வெளியே போய்க் குழியில் விழுந்துவிடுகிறான். படலைச் சாத்தாமல் போனவள் அவனுடைய பன்னிரண்டு வயது அக்கா. தான்தான் சாத்த மறந்தோம் என்று நம்பிக்கொண்டு அப்பா சாகும்வரை குமைகிறார், அவள் வாய் திறக்கவில்லை.

எங்கள் சின்னத் தம்பி செத்தது அப்படித்தான். அம்மா இறந்த வருஷம் அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லி அழுதாள். அதைத் தனியாகச் சுமக்க முடியாமல், நாம் இருவரும் ஏலகிரி மலைக்கு நடந்து ஏறிய ஒரு நாளில் நான் உன்னிடம் சொன்னேன்.

"மேல படி" என்றாள் அக்கா.

"வேணாங்க்கா."

"படிடா. நின்னது நான்தானே."

கடைசி வரிவரை படித்தேன். நீ எழுதிய முடிவில், பெரியவளாகிவிட்ட அந்தப் பெண் குழியில் இறங்கிவிடுகிறாள்.

"எறங்கிட்டாளா?" என்றாள். பிறகு, "நீ சொன்னியா அவருகிட்ட?"

"சொன்னேங்க்கா."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆம்பூருக்கு வந்தேன். மண்டி வாசலில் வைத்துக் கேட்டேன். "பேர் எதுவும் போடலியேப்பா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாய்.

"அவளுக்குத் தெரியுமேடா."

"அக்கா படிக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சேதான் அவளையே நிக்க வெச்சியா?"

நீ தரையைப் பார்த்தாய். நான் திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தேன். அதன்பிறகு நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலே அடுப்பில் போட்டேன். உன் சாவுக்கும் வரவில்லை.

இன்றைக்கும் என் படங்களில் அதைத்தான் நல்ல படம் என்கிறார்கள். எனக்கும் தெரியும், அதுபோல் இன்னொன்று என் கையில் வரவில்லை. உன்னை மன்னிக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்கா அந்தப் பத்திரிகை வந்த அடுத்த மாதமே அரக்கோணத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. நான் போனால் சோறு போடுவாள், வெயிலைப் பற்றிப் பேசுவாள். போன மாதம் போயிருந்தபோது தண்ணீர்ச் சொம்பைத் தடவி எடுத்தாள். கண் மங்கி ஆறு மாதம் ஆகிறது என்று நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்?" என்றாள்.

அவளைப் பற்றி இப்போது நான் அடுத்தவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். உன் மேல் இருக்கும் கோபம் நீ செத்தும் தணியவில்லை. உன்னிடம் அதைச் சொன்ன என் வாயின் மேல் இருக்கும் கோபமும் அப்படியேதான் இருக்கிறது.