மஞ்சள் கயிறும் இரண்டு திட்டங்களும்

நவம்பர் 13, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடை பஸ்ஸோடு போய்விட்டது, வழக்கம்போல.

மச்சாளின் ஸ்கேன் படங்கள் வந்துவிட்டன. இடது மார்பு. சின்னக் கட்டி, நேரத்தோடு கண்டு எடுத்தாயிற்று. இனிக் கதிர்ச் சிகிச்சை மட்டும். திட்டம் போடுவது என் வேலை. அண்ணாவின் மனைவிக்கே போடுவேன் என்று யார் கண்டது?

ஒப்பிட வேண்டியவை:

– பழைய முறை. இரு பக்கமிருந்தும் சாய்வாக ஒவ்வொரு கதிர், அளவைச் சீராக்கக் குறுக்கே ஓர் உலோக ஆப்பு. சுலபம். ஆனால் மார்பின் அடி மடிப்பில் அளவு கூடித் தோல் வெந்துபோகும். இதயத்தின் ஓரத்திலும் உரசும்.

– புதிய முறை. அதே கதிர்களுக்குள் சின்னச் சின்னக் கதிர்கள். அளவு கூடின இடத்தை மறைக்கலாம், இதயத்தையும். எனக்குத்தான் முதுகு முறியும்.

எங்கே ஒப்பிட! படம் முழுக்க வெள்ளைக் கோடுகள், சரியாக இதயத்துக்கு மேலே. முதுகோடு ஒட்டி ஏதோ உலோகம். ஸ்கேன் எடுத்த நஸ்ரினைக் கேட்டேன்.

"நகை ஒன்டும் இல்லண்டு தானே சென்னாங்க. நான் ரெண்டு தரம் கேட்டேன்."

விளங்கிவிட்டது. தாலிக்கொடி. முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அதற்கு மேலேயே படுத்திருக்கிறார். கெட்டிக்காரி.

நவம்பர் 14, செவ்வாய்

வெயில். லிஃப்ட் வேலை செய்யவில்லை.

படம் இப்படியென்றால் பழைய முறையே போதும், திங்கள் தொடங்குவோம் என்கிறார் டொக்டர். இதயத்தில் உரசினாலும் பரவாயில்லையாம். எனக்குப் பரவாயில்லையா?

கொடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் எடுப்போம் என்றேன். வீட்டில் சண்டை.

"அவர் அங்கை எப்பிடி இருக்கிறாரெண்டு ஒரு சேதியும் இல்லை. இந்த நேரத்திலயோ கழட்டச் சொல்லுறீர்?"

அண்ணா யாழ்ப்பாணத்தில், நாங்கள் இருவரும் கொழும்பில். போரால் பாதை பூட்டு, போனும் இல்லை. கடைசியாகக் கதைத்தது ஆபரேஷனுக்கு முன். எனக்கும் அதே பயம்தான். அதைச் சொல்லாமல் கத்தினேன்.

"அண்ணா வரேக்க தாலி மட்டும் இருந்தாப் போதுமோ? நீங்களும் இருக்க வேணும்!"

மச்சாள் அழுதார். பிறகு நானும். புட்டு ஆறிப்போனது.

நவம்பர் 15, புதன்

காலையில் குசினி அடுப்படியில் மச்சாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள். கொடியை லேஞ்சித் துணியில் சுற்றி, அலுமாரியில் வைக்கச் சொல்லி என் கையில் தந்தார்.

"கயிறைக் கட்டிப்போட்டுத்தான் கழட்டினனான். ஒரு கணமும் வெறுங்கழுத்தா நிக்கேல்லை. விளங்குதோ?"

"ஓம் மச்சாள்."

மறுபடி ஸ்கேன். படம் கண்ணாடி மாதிரி. தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஏதோ. நஸ்ரின் பதறிப்போனாள்.

"அல்லாஹ், இது என்னது?"

"மஞ்சள்."

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

நவம்பர் 17, வெள்ளி

இரண்டு திட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில். பழையதில் இதயத்தின் முன் ஓரம் கதிருக்குள். புதியதில் வெளியே! அடி மடிப்பிலும் கூடுதல் இல்லை. சொந்தக்காரி என்பதால் கணக்கை வேறொருவரைக் கொண்டு சரிபார்த்தாயிற்று. டொக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டுப் புதியதற்குக் கையெழுத்து வைத்தார்.

கழிப்பறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். அப்பாடா. பிறகு பயங்கரப் பசி. கன்டீனில் ரோல்ஸ், தேத்தண்ணீர், இன்னொரு ரோல்ஸ்.

நவம்பர் 20, திங்கள்

முதல் நாள் சிகிச்சை முடிந்தது. "இவ்வளவுதானோ?" மச்சாளுக்கு ஏமாற்றம். வரும்போது கொழும்பு–காலி வீதியில் செக்பொயின்ற், மழைக்குள் அடையாள அட்டையைத் தேடி ஒரு நாடகம்.

வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து கதவைத் திறக்க, போன். அண்ணா! பின்னால் சனம் வரிசையில் நிற்கிறதாம், சுருக்கமாகவாம். மச்சாள் எல்லாம் சொன்னார், கயிற்றைத் தவிர. போனை என்னிடம் தரும்போது கண்ணால் மிரட்டினார்.

"இடப்பக்கமெல்லோ பிள்ளை. இதயத்தில படாதோ?"

"படாது அண்ணா."

"ஆர் சொன்னது?"

"நான்தான் பாத்தனான்."

லைன் அறுந்தது. மச்சாள் முகத்தைத் துடைத்துவிட்டு மீன் பொரிக்கப் போனார். எத்தனை நாளைக்குப் பிறகு!

"சிகிச்சை முடியக் கொடியைப் போடலாம் மச்சாள்," என்றேன்.

"வேண்டாம். அலுமாரியிலயே இருக்கட்டும். அவர் வந்து போடட்டும்."