நிற்பதற்குச் சற்று முன்பு

14.11.2006, தேனி

ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசாத அப்பா இன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓயாமல் பேசினார். விற்றுப்போன திராட்சைத் தோட்டம், செத்துப்போன காளை, எப்போதோ சண்டை போட்ட பங்காளி. நேற்றுவரை கண் திறக்கவில்லை. டாக்டரும் நேற்றே கையை விரித்துவிட்டார். இன்று அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தெளிஞ்சுட்டாக. பெரியவன வரவேணாம்னு போன் போட்டுச் சொல்லிட்டேன்" என்றாள். என்னைக் கேட்காமல் ஏன் சொன்னாள் என்று எரிச்சலாக வந்தது.

"நீ லேப்புல என்னதாண்டா வேலை பாக்குற?" என்றார் அப்பா. இத்தனை வருடத்தில் இன்றுதான் கேட்கிறார். சிலிக்கான் தகட்டில் புரோட்டானைப் பாய்ச்சி, அது விட்டுப்போகும் ஆற்றலை அளக்கிறேன் என்றேன். வேகமாகப் போகிற புரோட்டான் கொஞ்சம்தான் விடும், வேகம் குறையக் குறைய அதிகமாக விடும், நிற்பதற்குச் சற்று முன்புதான் மிச்சத்தையெல்லாம் கொட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா தலையாட்டிவிட்டு மறுபடி காளைக்குப் போனார்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. வெளியே வந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டு, "இப்பவே பஸ் ஏறு" என்றேன்.

"அப்பா நல்லாப் பேசுறாகன்னு அம்மா சொல்லுச்சே?"

"அதனாலதாண்ணே."