ஒரு கையால தூக்கிப் பார்த்த கீபோர்ட்

இஞ்சாருங்க, பிள்ளையக் கூட்டிக்கொண்டு செங்கலடிக்கு அக்கா வீட்ட போறன். உங்கள எழுப்ப மனம் வரல்ல. பின்னேர பஸ்ஸில வந்திடுவன்.

சோறும் இறால் கறியும் குசினியில மூடி வெச்சிருக்கு. வெளிய போனா கதவைப் பூட்டித் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழ வைங்க. நேற்று கீபோர்ட் வாங்கின கடைக்கார ஷிஹான் தம்பி, அதை வெச்சு வாசிக்கிற ஸ்டாண்டைக் கொண்டு வருவார். முகத்தை நீட்டிக்கொண்டு இருக்காம தேத்தண்ணி குடுங்க.

நேற்று நான் பிள்ளைய இடுப்பில வெச்சுக்கொண்டு, மற்றக் கையால ஒவ்வொரு கீபோர்டாத் தூக்கிக் கடை வாசல் மட்டும் நடந்து பார்த்தது உங்களுக்கு வெட்கமாப் போச்சு. "மீன் மாதிரி நிறுத்தா வாங்குற?" எண்டு கேட்டீங்க. நான் எடுத்தது மலிவு, கட்டையும் குறைவு, விளையாட்டுச் சாமான் எண்டீங்க. அப்பிடியிருந்தும் நான் அதைத்தான் வாங்கினன்.

சுனாமியில கடல் வந்த அண்டைக்கு உங்கட பெரிய கீபோர்டைத் தோளில தூக்கிக்கொண்டு ஓடினீங்க. நான் விழுந்ததும் அதைத் தண்ணிக்குள்ள போட்டுட்டு என்னைத் தூக்கினீங்க. ஆறு வருசமா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டல்ல. நானும் ஒரு நன்றி சொன்னதில்ல.

மேனுகா

கரண்ட் போனாலும் வாசிக்கலாம், பாட்டரி போட்டிருக்கு.

இன்னுமொண்டு. நாட்டுச் சண்டையும் முடிஞ்சுது, இனி எங்கயும் ஓடத் தேவையில்ல எண்டு சொல்றீங்க. அப்பிடியே இருக்கட்டும். ஆனா ஓட வேண்டி வந்தா, பிள்ளையையும் கீபோர்டையும் நான் கொண்டு வருவன். இந்த முறை நீங்க ஒண்டையும் தண்ணிக்குள்ள போடத் தேவையில்ல.