அண்ணாச்சிக்கு விழுந்த மாத்திரை

18 ஜூன் 2025, புதன்

இன்று மெட்டோப்ரோலால் என்று எழுதினேன். ஷிஜி வாயால் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன். டீ ஆறிப் போனது. எழுதி முடித்துத் திருப்பி வாசித்தால் அதே மாத்திரையின் பெயர்தான் வந்தது. எழுபது தாண்டிய பிறகு ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா? வந்துவிட்டது. மாநகராட்சிப் பள்ளியின் சாயங்கால வகுப்புக்குப் போனது வீணாகவில்லை.

ஷிஜி, ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி வேலை பார்க்கும் நர்ஸ். நானும் மளிகைக்கடை பொன்ராஜ் அண்ணாச்சியும் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தவர்கள். இரண்டு பேருக்கும் இதயம் இப்போது ரத்தத்தை நன்றாக இறைக்கிறதாம். அப்படித் தேறியவர்களுக்கு இந்த மாத்திரை இன்னும் வேண்டுமா என்று டாக்டர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அதற்குத்தான் ஆராய்ச்சி. சேருகிறவர்களில் பாதிப் பேர் மாத்திரையைத் தொடர வேண்டும், பாதிப் பேர் நிறுத்த வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

"படிச்ச டாக்டருக்கே தெரியாதத நம்மகிட்ட கேக்காவ பாய். பெருமைதான்" என்றார் அண்ணாச்சி.

சம்மதத் தாளில் அவர் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு நகர்ந்தார். நான் அத்தாவுல்லா என்று முழுப் பெயரையும் எழுதினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலமெல்லாம் கைநாட்டு வைத்தவன் நான்.

21 ஜூன்

குலுக்கல் வந்துவிட்டது. எனக்கு நிறுத்தம். அண்ணாச்சிக்குத் தொடர்ச்சி.

அவர் முகம் சுருங்கியது. அந்த மாத்திரையால் என்னைவிட அவருக்குத்தான் அசதி அதிகம். கடைக்கு மேல்தான் வீடு, அந்த மாடிப்படி ஏறவே கால் கனக்கிறது என்பார். காலையில் காசிமேடு வரை சேர்ந்து நடப்போம், பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

"என்னத அவருக்குக் குடு, அவருத எனக்குக் குடு. வெளிய யாருக்குத் தெரியப்போவுது?" என்று ஷிஜியிடம் கேட்டார்.

"நான் தரேம்மா, எனக்கு இன்னா" என்றேன் நானும்.

ஷிஜி சிரித்தது. "இது பஸ்ல ஜன்னல் சீட்டு மாத்திக்கிற மாதிரி இல்ல தாத்தா. பெரிய டாக்டர் நினைச்சாலும் மாத்த முடியாது. ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்துனா அது ஆராய்ச்சியே இல்ல."

பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னது. நான் கூட ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம். முதலில் பாதி, பிறகு அதில் பாதி, அவர்கள் பார்த்துப் பார்த்துக் குறைப்பார்கள். யாரும் தன்னிஷ்டத்துக்கு விடக்கூடாது என்று அண்ணாச்சியைப் பார்த்தே சொன்னது. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5 ஜூலை

பாதியில் பாதி. ஒன்றும் செய்யவில்லை. மூச்சு நன்றாக இருக்கிறது.

2 ஆகஸ்ட்

மாத்திரை முழுக்க நின்று இரண்டு வாரம். உடம்பு காற்றாக இருக்கிறது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் துறைமுகம் தானே எதிரில் வந்து நிற்கிறது.

"மாத்திர நின்னதும் உங்களுக்கு வாய் கூடிப்போச்சி" என்கிறாள் ரஹீமுன்னிசா. என் வீட்டுக்காரி. அவளுக்கு நான் அசதியாய்க் கிடந்ததே வசதி.

இன்று வழியில் திரும்பிப் பார்த்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"இன்னா அண்ணாச்சி, லோடு ஏத்துன லாரி மாரி வந்துகினு கீற?"

"எனக்கு லோடு ஏத்தி உட்டது ஒம்ம கம்ப்யூட்டருதாம்வே."

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

23 ஆகஸ்ட்

அவருக்காக மெதுவாக நடந்தேன். கண்டுபிடித்துவிட்டார். "எனக்கு எரக்கப்பட்டு நடக்காதீரும். பத்திக்கிட்டு வருது" என்றார். வேகமாக நடந்தால் அவர் பின்தங்குகிறார். மெதுவாக நடந்தால் கோபப்படுகிறார். நான் எப்படித்தான் நடப்பது?

11 செப்டம்பர்

இன்று அண்ணாச்சி எங்கேயும் நிற்கவில்லை. என்னோடு சரிக்குச் சரியாக நடந்தார். ஏலம் போடும் இடத்தில் ஒரு மீன்காரம்மாவோடு சங்கரா மீனுக்கு வம்பு வளர்த்தார். "வாங்க வந்தியா, பேச வந்தியா நைனா?" என்று அந்தம்மா கேட்க, "ரெண்டுக்குந்தான்" என்றார். எவ்வளவு நாளாயிற்று இவரை இப்படிப் பார்த்து.

ஐஸ் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்ச் சொன்னார். "நானும் விட்டுட்டேன் பாய்."

"எத்த?"

"மாத்திரையத்தான். ஞாயித்துக்கெழமையோட சரி. கோயில்ல ஜெபம் பண்ணிட்டு வந்து, போதும்னு வச்சிட்டேன்."

"ஒரேடியாவா? எனக்குக் கொஞ்சங் கொஞ்சமா கொறைச்சாங்க அண்ணாச்சி. ஷிஜி பாப்பா அப்பவே சொல்லிச்சே."

"மாத்திர ஒண்ணுதானவே. ஒமக்கு வேண்டாம்னா எனக்கு மட்டும் எதுக்கு? நீரு துள்ளிக்கிட்டுப் போவீரு, நான் செவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம் என்றேன். சொன்னால் என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னால் செய்கிறவர்.

12 செப்டம்பர்

போனில் ஷிஜியின் பெயரை நானே வாசித்து எடுத்தேன். விரலை அதன் மேல் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

என்ன சொல்வது? அவர் நன்றாக நடக்கிறார், சிரிக்கிறார், வந்து பிடியுங்கள் என்றா? எனக்கும் நின்றுதானே போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. அவருக்கு மட்டும் ஏன் ஆகும்?

இப்படி எழுதினால் நியாயமாகத்தான் தெரிகிறது.

15 செப்டம்பர்

இன்றும் சொல்லவில்லை.

20 செப்டம்பர், சனி

அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி. கடையில் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மகன் எபினேசர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு வந்திருக்கிறான். மறுபடியும் மாரடைப்பு.

ஐசியூ வாசலில் இருக்கிறேன். இந்த நடையில் உள்ள பலகை எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். அமைதி காக்கவும். செருப்பைக் கழற்றவும். பார்வையாளர் நேரம். உள்ளே அவருக்கு என்ன நடக்கிறது என்று ஒரு பலகையிலும் எழுதவில்லை. வாசிக்கத் தெரிந்து என்ன பிரயோசனம்.

நான்தான் துள்ளிக் காட்டினேன். லாரி மாரி வரியேன்னு நான்தான் சொன்னேன். வாய வெச்சிகினு சும்மா கெடந்தா இன்னா? இப்ப நான் இன்னா பண்ணுவேன். யா அல்லாஹ்—

எபினேசர் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தான். "நீங்க கூட இருந்தா அப்பாக்கு தெம்பு பெரியப்பா" என்றான். குடிக்க முடியவில்லை. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான். பிறகு திரும்பி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

22 செப்டம்பர்

கண் திறந்தாராம். நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

ஆராய்ச்சி டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஷிஜியும் இருந்தது. அண்ணாச்சி மாத்திரையை விட்டதைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நிறுத்துனதாலதான் வந்துச்சாம்மா?"

"இந்த மாத்திரைய திடீர்னு விட்டா ஆபத்து உண்டு. ஆனா இவருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது. சாப்பிட்டுக்கிட்டே இருந்தாலும் வந்திருக்கலாம்."

அவ்வளவு படித்தவர் அப்படிச் சொல்லிவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொன்று கேட்டேன். இப்போது அண்ணாச்சியை எந்தப் பக்கம் எழுதுவீர்கள் என்று.

"மாத்திரை சாப்பிடுற பக்கந்தான். குலுக்கல்ல எந்தப் பக்கம் விழுந்தாரோ, கடைசி வரைக்கும் அந்தப் பக்கம்."

"அவருதான் சாப்பிடலியேம்மா."

"நீங்க சொன்னதையும் எழுதி வைப்போம் ஐயா. ஆனா பக்கம் மாறாது. வெளியவும் ஜனங்க இப்படித்தான், பாதியில விட்டுடுவாங்க. ஒவ்வொருத்தரையா பார்த்து நாங்க அங்கயும் இங்கயும் தள்ள ஆரம்பிச்சா, கடைசியில எங்களுக்குப் பிடிச்ச பதில்தான் வரும். உண்மை வராது."

அவர் சொன்னது புரிந்தது. நியாயம் என்றும் தெரிந்தது. ஆனாலும் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாயில் போடாத மாத்திரையின் பேரில் அண்ணாச்சியின் வலி ஏறி உட்கார்ந்துவிட்டது. அதை இறக்கி வைக்க எனக்கு வழியில்லை.

9 அக்டோபர்

அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கினார்கள். மூட்டை தூக்கிய கை சும்மா இருக்காமல் நானும் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "நீங்களும் ஸ்டென்ட் வெச்சவருதான், தள்ளுங்க" என்று எபினேசர் விலக்கிவிட்டான்.

இதயம் முன்போல இறைக்கவில்லையாம். இறைக்கும் பலம் இறங்கிவிட்டதாம். இனி அவருக்குக் குலுக்கல் எதுவும் இல்லை. மாத்திரை கட்டாயம். அதே மாத்திரை, வேறு சிலவும்.

"கம்ப்யூட்டரு என்னைய சரியாத்தான் புடிச்சி வச்சிருக்கு பாய். நாந்தான் நழுவிட்டேன்" என்றார். இதைச் சொல்லவே நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

நான் துள்ளியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

27 நவம்பர்

தனியாகத்தான் நடக்கிறேன். உடம்பு இன்னும் காற்றாகவே இருக்கிறது. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

18 டிசம்பர், வியாழன்

அண்ணாச்சி வீட்டில் இருந்தேன். நான் எழுத்துக் கூட்டிச் செய்தித்தாள் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் தடுமாறுகிற இடத்தில் சிரிப்பார். இன்று சிரித்ததில் இருமல் வந்து, வெகுநேரம் நிற்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய.

அப்போது ஷிஜி போன் செய்தது. ஆராய்ச்சியில் சேர்ந்து ஆறு மாதமாம், எல்லோரையும் கேட்கிறார்களாம்.

"நெஞ்சுவலி வந்துச்சா தாத்தா?"

"இல்லம்மா."

"மூச்சு வாங்குதா? ஆஸ்பத்திரியில எங்கயாவது சேர்ந்தீங்களா?"

"இல்ல."

"இந்த ஆறு மாசத்துல உங்களுக்கு வேற ஏதாவது ஆச்சா?"

அண்ணாச்சியைப் பார்த்தேன். ஹலோ, ஹலோ என்றது ஷிஜி. அண்ணாச்சி தலையணையிலிருந்து கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

"சொல்லும்வே. நல்லாத்தான இருக்கீரு."

"எனக்கு ஒண்ணும் ஆவலம்மா" என்றேன்.

"சந்தோஷம் தாத்தா" என்று குறித்துக்கொண்டது.