சேகராக நடித்த புதன்கிழமைகள்

பிப்ரவரி 5, 2025

ஒரு வாரம் சீல் வைத்துப் பூட்டியிருந்த கடையை இன்று திறந்தோம். மாவு டப்பாவில் வண்டு. கடாயைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் விட்டுப்போனது. எதிர் ஓட்டல்காரன் சேகர் தன் ஓட்டல் கேட் அருகே நின்றுகொண்டு, “என்னங்க கமலா, கடை தொறந்தாச்சுங்களா?” என்று கேட்டான். சிரிப்பு வேறு.

இந்த மலை ஊரில் ஒண்டிக்கடை முக்கில் இத்தனை வருடமாகப் பஜ்ஜி போடுகிறேன். பிளாஸ்டிக் கவரில் சட்னி கட்டிக் கொடுத்தேன் என்று பஞ்சாயத்தில் புகார் கொடுத்தது அவன்தான். அவனே சொல்லிக்கொண்டு திரிகிறான். பஜ்ஜி தின்ன வருகிறவர்கள் காரை அவன் வாசலில் நிறுத்துகிறார்களாம், அந்த எரிச்சல். அவன் ஓட்டல் பாட்டிலும் கவரும் மூட்டை மூட்டையாகக் குப்பனூர் ரோட்டுச் சரிவில் உருளுகிறதே, அது யார் கண்ணிலும் படவில்லையா?

அவன் கதவிலும் ஒரு பூட்டு தொங்க வேண்டும். மேலே அதே அரக்கு. அதை என் கடையில் நின்றபடி நான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 12

ஆசிர் என்று ஒரு தம்பி வந்தான். ஏதோ அறக்கட்டளையாம். கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், பஞ்சாயத்து என்று நேரில் போய்ப் பேசிப் பிளாஸ்டிக்கைக் குறைக்க உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். புதன்தோறும் சமுதாயக் கூடத்தில். “ஓட்டல்காரங்களயும் போய்க் கேப்பீங்களா தம்பி?” என்றேன். “அவங்களத்தாங்க முதல்ல” என்றான்.

உடனே பெயர் கொடுத்துவிட்டேன். மலைமேல் எனக்குப் பாசம் பொங்குகிறது என்று நினைத்திருப்பான் பாவம்.

பிப்ரவரி 26

ஆசிர் நாலு விஷயம் சொல்லிக்கொடுத்தான். கத்தக்கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். எதிராளி தலைகுனியாமல் வெளியே வர ஒரு வழி விட வேண்டும். கடைசியது எனக்குப் பிடிக்கவே இல்லை. வழி எதற்கு விடணும்?

பிறகு பழகிப் பார்க்க யாராவது ஓட்டல்காரராக நடியுங்கள் என்றான். எழுந்துவிட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேகர் மாதிரியே இடுப்பில் கை வைத்தேன்.

“நான் ஒருத்தன் நிறுத்திட்டா மலை சுத்தமாயிருமா? வர்றவங்க கேக்கறாங்க, குடுக்கறேன். ஊரே போடுது, என்ர வாசலுக்கு மட்டும் எதுக்கு வர்றீங்க? எனக்கும் பொழப்பு இருக்குதுல்ல?”

காலேஜில் படிக்கிற ரம்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வசனத்தை நான் யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. இனிமேல் எதிராளியாக நின்று பயிற்சி கொடுக்கிற வேலை எனக்கே என்று ஆசிர் சொல்லிவிட்டான். நல்லது. சேகரைக் கிழிக்க ஆளைத் தீட்டித் தருகிறேன்.

மார்ச் 9

ஞாயிறு. கூட்டம் தாங்கவில்லை. மந்தார இலைப் பொட்டலத்தில் சட்னி நிற்கமாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் மறுபடி ஒரு கட்டு கவர் வாங்கி மேசைக்கு அடியில் வைத்திருக்கிறார். இருக்கட்டும். முதலில் சேகர்.

மார்ச் 19

வகுப்பில் குப்பாயி தேறிவிட்டாள். அந்தச் சரிவுக்குக் கீழேதான் அவள் காப்பித் தோட்டம். மழை வந்தால் சேகரின் பாட்டில் எல்லாம் அவள் செடிக்குத்தான் வந்து சேரும். இன்று சேகராக நின்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். அவள் அசையவில்லை.

“நீங்க சொல்றதும் செரிதானுங்க. ஆனா உங்க பாட்டிலு என்ர காப்பிச் செடி மேல கெடக்குதுங்களே. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க, அது போதும்.”

என் கை தானாக இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. இறங்கியதும் அவ்வளவு சந்தோஷம். சேகர், வருகிறேன் இரு.

மார்ச் 20

யோசனை முழுக்கச் சேகர் கதவில் தொங்கப்போகிற அந்தப் பூட்டிலேயே. பஜ்ஜி கருகிவிட்டது.

ஏப்ரல் 2

இன்று குப்பாயி, ரம்யா எல்லாரும் சேகரிடம் போனார்கள். சொந்தப் பகை உள்ளவர் போகக்கூடாது என்று ஆசிர் என்னை நிறுத்திவிட்டான். கடையிலிருந்தே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். சேகர் இடுப்பில் கை வைத்தான். ஆகா, ஆரம்பித்துவிட்டான்! ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ரம்யா ஓடி வந்து சொன்னாள். நான் நடித்த அத்தனை வசனமும் அவன் வாயிலிருந்து அப்படியே வந்ததாம். குப்பாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஏனுங்க, அச்சு அசலா எங்க கமலாக்கா மாதிரியே பேசறீங்க!” என்றிருக்கிறாள். அவனும் விவரம் கேட்டுச் சிரித்தானாம். அடுத்த வாரம் சரிவை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

“பஞ்சாயத்துல அவன்மேல மனுக் குடுக்கலையா?” என்றேன்.

“அது எதுக்குங்க்கா? வழி விடோணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

வயிறு எரிகிறது. நானா சொன்னேன்? அந்த ஆசிர் சொன்னதை ஒப்பித்தேன், அவ்வளவுதான்!

ஏப்ரல் 9

சேகர் சரிவில் இறங்கினானாம். சறுக்கி விழப்போனவனைக் குப்பாயி கை கொடுத்துப் பிடித்தாளாம்.

நானாயிருந்தா கைய எடுத்திருப்பேன்.

ஏப்ரல் 30

ஆள் வைத்துச் சரிவை முழுக்கப் பொறுக்கிவிட்டான். தானும் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினான். ஓட்டலில் இப்போது பாட்டில் இல்லை, சொம்பில் தண்ணீர். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கும் அப்படியே தரப்போகிறானாம். ஊரே அவனை மெச்சுகிறது. என்னை ஒரு வாரம் நடுத்தெருவில் நிற்க வைத்தவனை!

இன்று வகுப்பில் ஒரு மனுவை எழுதிக்கொண்டு போனேன். சேகர் இன்னும் கள்ளத்தனமாகக் கொட்டுகிறான் என்று. ரம்யாவிடம் கையெழுத்துக் கேட்டேன். படித்தாள். “நீங்க பாத்தீங்களாக்கா?”

“பாக்கோணுமா? அவன் புத்தி எனக்குத் தெரியாதா கண்ணு?”

அவள் பேனாவை மூடிவிட்டாள். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று நான் அவளை எத்தனை புதன்கிழமை உருப்போட வைத்திருப்பேன்! வீட்டுக்கு வந்து மனுவை அடுப்பில் போட்டேன். அழுகை வந்தது. இத்தனை பாடுபட்டு அவனுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மே 14

இன்று வகுப்பு இல்லை. ஆனாலும் குப்பாயியும் ரம்யாவும் கடைக்கு வந்தார்கள். பஜ்ஜிக்குத்தான் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்காரவில்லை.

“அக்கா, மேசைக்குக் கீழ ஒரு கட்டு கவரு கெடக்குதுங்களே” என்றாள் குப்பாயி. குரல் மெதுவாகத்தான் இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நான் ஒருத்தி நிறுத்திட்டா மலை சுத்தமாயிருமா? வர்றவங்க சட்னி கேக்கறாங்க, கட்டிக் குடுக்கறேன். ஊரே போடுது, என்ர வாசலுக்கு மட்டும் எதுக்கு வர்றீங்க? எனக்கும் பொழப்பு—”

குப்பாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க்கா, இது நடிப்புங்களா, நெசமுங்களா?”

அப்போதுதான் கவனித்தேன், கரண்டியோடு சேர்த்துக் கையை இடுப்பில் வைத்திருந்தேன். பூட்டுப் போட வந்த அன்று அலுவலர்களிடம் கத்தியபோதும் இப்படியேதான் நின்றேன். இந்த வசனத்தைத்தான் கத்தினேன். சேகர் எங்கே இருந்தான் இதில்?

ரம்யா தரையைப் பார்த்தாள். குப்பாயி அவசரப்படுத்தவில்லை. “கிண்ணத்துல சட்னி குடுக்கலாமுங்க. வாங்கறவங்க பாத்திரம் கொண்டு வரட்டும். இன்னிக்கே இல்லீங்க, திருவிழாவுக்கு முன்னால ஆனாப் போதும்” என்றாள். ஒன்றே ஒன்றைக் கேட்டுவிட்டு எனக்கு வழியும் விட்டுவிட்டாள். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எதிரே சேகர் கேட் அருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

மே 21

கவர்க் கட்டைக் குப்பாயி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சட்னி இப்போது எவர்சில்வர் கிண்ணத்தில்.

சாயங்காலம் சேகரின் ஓட்டலிலிருந்து ஆள் வந்து ஒரு தட்டு பஜ்ஜியும் கிண்ணத்தில் சட்னியும் வாங்கிப் போனான், முதலாளிக்காம். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி அனுப்பியிருக்கிறான் சேகர். ஓரத்தில் கறை அப்படியே இருந்தது. கழுவத் தெரியவில்லை அவனுக்கு. நான் இன்னொரு முறை கழுவி, மற்றக் கிண்ணங்களோடு கவிழ்த்து வைத்தேன்.